பக்க ஓரத்தில் குறிப்பும் படமும்: சொற்செயலியோடு பட்ட பாடு

ஆய்வேடு ஒப்படைக்கும் காலம் நெருங்கும்போது தம்பி தங்கைகள் சிலர் என்னைத் தொலைபேசியில் அழைப்பார்கள். "அண்ணா, ஓரத்தில் ஒரு குறிப்பு போட்டேன். நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லை" என்பதே பெரும்பாலும் புகாராக இருக்கும். கழகத்தை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் ஆகியும் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னைத் தேடி வருவதற்குக் காரணம் உண்டு. இதே தவற்றை நான் அச்சில், முந்நூறு படிகளில், ஊரறியச் செய்தவன். அந்தக் கதையைச் சொல்லி, அதிலிருந்து கற்ற முறையையும் எழுதித் தரும்படி இவ்வாண்டு மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டார்கள்.

நான் கம்போங் ராஜாவுக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கேமரன் மலை என்றதும் பலருக்கு ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்கள் நினைவுக்கு வரும். கம்போங் ராஜா அவற்றையும் தாண்டி வடக்கே இருக்கிறது. சிம்பாங் பூலாய் சாலை வந்தபின் ஈப்போவிலிருந்து ஏறுபவர்களுக்கு அதுதான் முதல் ஊராகிவிட்டது. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதிக்கு வந்துபோனார் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1929இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் செடி நட்டவர்களில் நம்மவர்கள் ஏராளம். அவர்களுடைய பெயர்கள்தாம் அந்தப் பாடநூலில் இல்லை.

2006இல், மூன்றாம் ஆண்டு விடுமுறையில், எங்கள் தோட்டத்து மூத்த பெண்களிடம் பேசி அவர்கள் சொன்னவற்றை 48 பக்க நூலாகத் தொகுத்தேன். அவர்கள் பேசிய சொற்களை மாற்ற எனக்கு மனமில்லை. ஆனால் பெட்டாலிங் ஜெயாவிலும் கிள்ளானிலும் வளர்ந்த நண்பர்களுக்குப் பெரட்டு என்றால் என்ன, கிராணி யார், கவாத்து எதற்கு என்பதெல்லாம் தெரியாது. அடிக்குறிப்பு போடலாமே என்றார் விரிவுரையாளர். போட்டுப் பார்த்தேன். ஒரு பாட்டி தன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மழையில் கொழுந்தெடுக்கப் போன கதையைப் படிக்கும்போது, கண் நான்கு முறை பக்கத்தின் அடிக்கு இறங்கி ஏறவேண்டியிருந்தது. அந்தக் கதையை அப்படிப் படிக்கக்கூடாது. சொல்லுக்கு நேர் எதிரே, ஓரத்தில், சிறிய எழுத்தில் பொருள் இருந்தால் தேவைப்படுபவர் மட்டும் பார்த்துக்கொள்வார். மற்றவர் கதையோடு போவார்.

ஓரத்தில் எழுதுவது நமக்குப் புதிதன்று. ஓலைச்சுவடியின் இடது ஓரத்தைப் பார்த்தால் ஏட்டின் எண்ணும் சில வேளைகளில் பகுதியின் பெயரும் அங்கே கீறப்பட்டிருக்கும். கணிதத் துறை நண்பர்களுக்கு பெர்மாவின் கதை தெரியும். 1637 வாக்கில் ஒரு நூலின் ஓரத்தில் தேற்றம் ஒன்றை எழுதிவிட்டு, அதன் நிறுவலை எழுத ஓரம் போதவில்லை என்று குறித்துவைத்தார். அவர் எழுதிய அந்தப் படி பிற்பாடு தொலைந்துபோயிற்று. அவருடைய மகன் 1670இல் தந்தையின் ஓரக்குறிப்புகளையும் சேர்த்து அந்நூலை அச்சிட்டதால்தான் உலகுக்குச் செய்தி கிடைத்தது. நிறுவலை ஆண்ட்ரூ வைல்ஸ் வெளியிட்டது 1995இல்.

இனி என் நூலுக்கு வருகிறேன். முரசு அஞ்சலில் தட்டச்சு செய்து, மைக்ரோசாஃப்ட் வேர்டில் பக்கம் அமைத்தேன். ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் உரைப்பெட்டியைச் செருகி, சுட்டியால் இழுத்து, கண்ணால் அளந்து, ஓரத்தில் நிறுத்தினேன். என் ஒன்றுவிட்ட தங்கை பென்சிலில் வரைந்த பாட்டிமாரின் முகங்களை உரைக்குள்ளேயே, பத்தியோடு பத்தியாக வைத்தேன். முகத்துக்கு நேரே ஓரத்தில் அவரைப் பற்றி இரண்டு வரி. 20ஆம் பக்கத்தின் கீழ்ப்பாதியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி. "இன்றும் லயத்துக்குப் பின்னால் கீரை போடுகிறார்" என்று ஓரத்தில் எழுதினேன். 21ஆம் பக்கத்தின் மேற்பாதியில் என் சொந்தப் பாட்டி. "1998இல் மறைந்தார்" என்று எழுதினேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முதல் நாள் இரவு, பழைய தண்டல் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு சம்பவத்தைச் சொன்னார். விட மனமில்லை. 14ஆம் பக்கத்தில் அதைச் சேர்த்தேன். ஏறக்குறைய அரைப் பக்கம் வந்தது. பக்க எண்ணிக்கை கூடவில்லை என்று பார்த்து மகிழ்ந்து, கோப்பைப் பேனா வட்டில் போட்டு அனுப்பிவிட்டேன். மறுபடி ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கவில்லை.

வெளியீடு கம்போங் ராஜாவில், கோவில் மண்டபத்தில் நடந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. தன் படத்தைப் பேரனிடம் காட்டி, பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். பையன் நல்ல உரத்த குரலில் படித்தான். "1998இல் மறைந்தார்."

பாட்டி என்னைப் பார்த்து, "ஏம்பா, நான் எப்பப் போய்ச் சேந்தேன்? என்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் அசடு வழியச் சிரித்தேன். மாலையில் மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனபோது அவர் சிரிக்கவில்லை. அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. பிறந்த ஆண்டை யாரோ எப்போதோ தவறாக எழுதியதால், நீல அட்டைக்காகப் பல வருடங்களாக அலைந்துகொண்டிருந்தவர் அவர். "கடுதாசியில ஒருத்தன் தப்பா எழுதிப்புட்டா அதைத் திருத்த எத்தனை நடை நடக்கணும்னு எனக்குத் தெரியும் சாமி. நீ படிச்ச புள்ள, நீயே எழுதிட்டியே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

என்ன நடந்தது என்று அன்றிரவு கோப்பைத் திறந்து பார்த்தேன். இதைப் புரிந்துகொண்டால் பாடத்தின் பாதி முடிந்தது. மிதக்கும் உரைப்பெட்டி ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு பத்தியோடு கட்டப்பட்டிருக்கும். அந்தக் கட்டைச் சிறு நங்கூரக் குறி ஒன்றால் வேர்ட் காட்டும். பத்தி அடுத்த பக்கத்துக்குப் போனால் பெட்டியும் போகும். ஆனால் அந்தப் பக்கத்தில் எந்த உயரத்தில் நிற்பது என்பது வேறு கணக்கு. உயரத்தைப் பத்தியிலிருந்து அளக்கலாம். தாளின் மேல் விளிம்பிலிருந்தும் அளக்கலாம். என் பெட்டிகள் எல்லாம் தாளிலிருந்து அளந்தவை. அரைப் பக்க உரை சேர்ந்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் முகம் 20ஆம் பக்கத்தின் கீழிருந்து 21ஆம் பக்கத்தின் மேலே வந்தது. அவருடைய குறிப்பும் 21க்கு வந்தது, ஆனால் பழைய உயரத்தில், அதாவது பக்கத்தின் கீழே நின்றது. என் பாட்டியின் முகம் அதே பக்கத்தில் கீழே இறங்கிற்று. அவருடைய குறிப்போ மேலேயே நின்றுவிட்டது. உயிரோடு இருப்பவர் எதிரே மறைவுச் செய்தி. மறைந்தவர் எதிரே கீரைத் தோட்டம். சொற்செயலி தனக்குச் சொன்னதைத்தான் செய்தது.

ஆகவே உரைப்பெட்டியைப் பயன்படுத்துவோர் முதலில் செய்யவேண்டியது இதுதான். பெட்டியின் விளிம்பில் வலச்சொடுக்கி, கூடுதல் அமைப்பு விருப்பங்களில் பொசிஷன் பகுதிக்குப் போங்கள். செங்குத்து நிலையைப் பாராகிராப் என்பதிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். 'மூவ் ஆப்ஜெக்ட் வித் டெக்ஸ்ட்' என்பதற்கு எதிரே குறியிடுங்கள். 'லாக் ஆங்கர்' என்பதற்கும் குறியிடுங்கள்; இல்லையேல் பெட்டியைச் சற்று இழுத்தாலும் நங்கூரம் பக்கத்துப் பத்திக்குத் தாவிவிடும். கிடைமட்ட நிலையில், நடுவில் நிறுத்துக என்பதைத் தேர்ந்து, எதைப் பொறுத்து என்ற இடத்தில் 'அவுட்சைட் மார்ஜின்' என்று கொடுத்தால், பெட்டி வெளி ஓரத்தின் நடுவில் நிற்கும். பக்க அமைப்பில் கண்ணாடி ஓரங்களையும் தேர்ந்திருந்தால் இடப்பக்கத் தாளில் இடமும் வலப்பக்கத் தாளில் வலமுமாகத் தானே மாறிக்கொள்ளும். தடித்த நூலுக்கு இதுவே நல்லது. முதுகுப் பக்கம் எழுதியதைப் படிக்க நூலைப் பிளக்கவேண்டியிருக்கும்.

நான் இரண்டாம் பதிப்புக்கு உரைப்பெட்டியைத் தொடவே இல்லை. வேர்டில் ஃபிரேம் என்ற பழைய வசதி ஒன்று உண்டு. சட்டகம் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தேடிப் பட்டியல் பட்டியலாக அலையவேண்டாம். ஒரு பாணிக்குள்ளேயே அதை வைத்துவிடலாம் என்பதுதான் அதன் சிறப்பு. 'ஓரக்குறிப்பு' என்று புதிய பத்திப் பாணி ஒன்றை உருவாக்குங்கள். பாணியைத் திருத்தும் பெட்டியின் கீழ் மூலையில் ஃபார்மட் என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வரும் பட்டியலில் ஃபிரேம் இருக்கும். அங்கே சட்டகத்தின் அகலம், நிலை எல்லாவற்றையும் ஒரே முறை கொடுத்துவிட்டால் போதும். பிறகு எந்தப் பத்தியில் நின்று அந்தப் பாணியைச் சொடுக்கினாலும் அது எழுந்து ஓரத்துக்குப் போய்விடும். நாற்பது குறிப்புகளின் அகலத்தையும் மாற்றவேண்டுமா? பாணியில் ஒரே இடத்தில் எண்ணை மாற்றுங்கள்.

என் கணக்கையும் தருகிறேன். தாள் பி5, அகலம் 17.6 செ.மீ. இடது ஓரம் 5.5, வலது ஓரம் 1.8, உரைக்கு எஞ்சியது 10.3. சட்டகம் தாளின் இடது விளிம்பிலிருந்து 1.5 செ.மீ தள்ளித் தொடங்கும், அகலம் 3.5. உரைக்கும் குறிப்புக்கும் நடுவே அரை செ.மீ வெளி. செங்குத்து நிலை பத்தியிலிருந்து சுழியம். 48 பக்கம், நடுவில் கம்பித் தையல், நன்றாக விரியும் என்பதால் எல்லாப் பக்கத்திலும் இடப்புறமே வைத்தேன்.

சட்டகத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதற்குள் அடிக்குறிப்பு எண்ணைப் போடலாம், உரைப்பெட்டிக்குள் முடியாது. ஆய்வேடு எழுதுவோர் இதைக் கவனிக்கவும். அடுத்தடுத்து வரும் இரண்டு பத்திகளுக்கு ஒரே சட்டகப் பாணி கொடுத்தால் இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் சேர்ந்துகொள்ளும். இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. முதல் பத்தியில் பாட்டியின் படம், அடுத்த பத்தியில் அவர் பெயரும் இரண்டு வரியும். உரைக்குள் ஒன்றும் ஓரத்தில் ஒன்றுமாகப் பிரித்து வைத்ததுதானே முன்பு வந்த வினை. இப்போது நூலில் நூறு பக்கம் சேர்த்தாலும் படமும் பெயரும் சேர்ந்தே நகரும்.

லிப்ரே ஆபிஸ் பயன்படுத்துவோருக்கு வேலை இன்னும் எளிது. அதன் ரைட்டரில் மார்ஜினாலியா என்ற பெயரிலேயே ஒரு சட்டகப் பாணி ஆயத்தமாக இருக்கிறது. இரட்டைப் பக்கங்களில் இடம் வலம் மாறும் வசதியும் அதன் சட்டகத்திலேயே உண்டு.

கோடு தெரியாத இரண்டு பத்தி அட்டவணையை மட்டமாக நினைக்காதீர்கள். இடது கட்டத்தில் குறிப்பு, வலது கட்டத்தில் உரை. எதுவும் எங்கும் ஓடாது. நான்கைந்து பக்கப் பாடத்தாளுக்கு, தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் போகிறவர்களுக்கு, நான் இதைத்தான் சொல்வேன். நூல் அளவுக்குப் போனால் பத்திக்கு ஒரு வரிசை சேர்த்துச் சேர்த்துக் கை ஓய்ந்துவிடும். சிலர் விமர்சனக் குமிழ்களை ஓரக்குறிப்பு என்று எண்ணி அப்படியே அச்சிடுகிறார்கள். அவற்றோடு அச்சிட்டால் பக்கமே சுருங்கிவிடும். அது மேற்பார்வையாளர் உங்களைத் திருத்துவதற்கான வசதி.

தமிழுக்கே உரிய தொல்லைகள் சில இருக்கின்றன. யூனிகோடு தமிழை வேர்ட் சிக்கலான எழுத்துமுறைகளுள் ஒன்றாகக் கொள்கிறது. எனவே பாணியில் எழுத்தளவு 8 என்று கொடுத்தும் தமிழ் மட்டும் 11லேயே நிற்கலாம். எழுத்துருப் பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்று தனிப் பகுதி இருக்கும்; தமிழுக்கான எழுத்துருவையும் அளவையும் அங்கே கொடுக்கவேண்டும். ரைட்டரிலும் இதுபோலத் தனி இடம் உண்டு. இது தெரியாமல் நான் ஒரு முழு மாலைப்பொழுதை இழந்தேன். வரி இடைவெளியைத் துல்லியமாக என்று இறுக்கிவைத்தால் கீ, வீ, ழீ போன்றவற்றின் கொம்பு சீவப்பட்டுவிடும். குறைந்தது இவ்வளவு என்று கொடுங்கள்.

அதைவிடப் பெரியது நம் சொற்களின் நீளம். 3.5 செ.மீ அகலத்தில் 'கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரு சொல் வந்தால் என்ன செய்வது? இரு பக்கமும் சமமாக இழுத்துக் கட்டினால் சொல்லுக்குச் சொல் ஆறடி இடைவெளி விழும். ஓரக்குறிப்பை எப்போதும் இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள். எழுத்தைச் சிறிதாக்காமல் வாக்கியத்தைச் சிறிதாக்குங்கள். என் முதல் பதிப்பில் பெரட்டுக்கு ஐந்து வரி விளக்கம் இருந்தது. இரண்டாம் பதிப்பில் "விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு" என்பதோடு முடிந்தது. கிராணி, "தோட்ட எழுத்தர்." கவாத்து, "செடியை அளவோடு வெட்டிவிடுதல்." கொழுந்துக்கு மட்டும் "ஓர் அரும்பும் இரண்டு இலையும்" என்று எழுதி அருகே படமும் வைத்தேன். இன்று அந்தச் சரிவுகளில் இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரம் கொழுந்தை அரிந்துகொண்டு போகிறது. விரலால் கிள்ளிய கணக்கு அந்தச் சிறு படத்தில்தான் இருக்கிறது.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோட்டோவியத்தை 600 புள்ளி அடர்த்தியில் வருடுங்கள். நிழற்படத்துக்கு 300 போதும், 4 செ.மீ அகலப் படத்துக்கு ஏறக்குறைய 470 படப்புள்ளிகள் வேண்டும் என்று கணக்கு வருகிறது. கைப்பேசியில் வாட்ஸ்அப் வழி வந்த படத்தை அப்படியே போடவேண்டாம். எல்லாப் பக்கத்திலும் ஒரே ஓவியம் ஓரத்தில் வரவேண்டுமானால், தேயிலைக் கொடி ஒன்று மேலிருந்து கீழே இறங்குவதுபோல, அதை உரையில் வைக்காமல் பக்கத்தின் மேல்தலைப்புப் பகுதிக்குள் நுழைந்து செருகி, உரைக்குப் பின்னால் என்று கொடுத்துவிடுங்கள். மேல்தலைப்புக்குள் இருப்பது அங்கேயே அடங்கிக் கிடக்கவேண்டியதில்லை, தாளின் எந்த மூலையிலும் நிற்கும். இயலுக்கு இயல் ஓவியம் மாறவேண்டுமானால் ஆவணத்தைப் பிரிவுகளாக்கி, முந்தைய பிரிவோடு உள்ள இணைப்பைத் துண்டித்துவிட்டு மாற்றவேண்டும். வீட்டு அச்சுப்பொறிகளில் பெரும்பாலானவை தாளின் விளிம்பு வரை மை போடுவதில்லை. அச்சகத்தில் வெட்டும்போதும் ஒரு மயிரிழை அப்படி இப்படிப் போகும். விளிம்பைத் தொடும் ஓவியமானால் 3 மி.மீ வெளியே நீட்டி வையுங்கள். தொடாததானால் 5 மி.மீ உள்ளே நிறுத்துங்கள்.

அச்சகத்துக்கு வேர்டுக் கோப்பைக் கொடுக்காதீர்கள். வேறு கணினி, வேறு எழுத்துரு, வேறு அச்சுப்பொறி என்றால் வரிகள் வேறு இடத்தில் மடியும். வரி மடிந்தால் பக்கம் மாறும். பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருவை உள்ளே பதித்துக் கொடுங்கள். அந்தப் பிடிஎஃப்பையே தாளில் அச்சிட்டு, ஒருவர் உரையிலுள்ள சொல்லைச் சொல்ல இன்னொருவர் ஓரத்தைப் படிக்க, பக்கம் பக்கமாகச் சரிபாருங்கள். தனியாகப் பார்த்தால் நம் கண் தான் எழுதியதைத்தான் பார்க்கும், தாளில் இருப்பதைப் பார்க்காது.

முதல் பதிப்பில் எஞ்சியிருந்த படிகளில் 21ஆம் பக்கத்துக் குறிப்புகளின்மேல் 3.5 செ.மீ அகலத்தில் திருத்த ஒட்டிகளை அச்சடித்து ஒட்டினோம். கழகத் தோழர்கள் நால்வர் கல்லூரி விடுதியில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்தார்கள். கொடுத்துவிட்ட படிகளைத் தேடி வீடு வீடாக நானே போய் ஒட்டினேன். எங்கள் வீட்டுப் படியில் மட்டும் ஒட்டவில்லை. அம்மா விடவில்லை. தன் தாய் இன்றும் லயத்துக்குப் பின்னால் கீரை போடுகிறார் என்று அச்சில் இருப்பதை எதற்கு மறைக்கவேண்டும் என்றார்.

இரண்டாம் பதிப்பு வர இரண்டு ஆண்டு ஆயிற்று. சரிபார்க்க அச்சிட்ட தாள்களை இம்முறை தோட்டத்துக்கே எடுத்துப்போனேன். பக்கத்து வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து, தன் படத்துக்கு எதிரே உள்ளதைப் படிக்கச் சொன்னார். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். பிறகு, கீரை என்று மட்டும் போட்டால் எப்படி, முருங்கையும் இருக்கிறதே என்றார். மடிக்கணினியைத் திறந்து, ஓரக்குறிப்பில் "முருங்கையும்" என்று அங்கேயே சேர்த்தேன். குறிப்பு ஒரு வரி நீண்டது. படமும் பெயரும் இருந்த இடத்திலேயே இருந்தன. அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பார்க்கும்படி பாட்டி சொன்னார்.